ஜரிகை எறும்புகள்

“அந்த சிநேகிதி இன்னாடி ஆனா?” என்று அவள் கேட்டாள். நாவல் எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது அந்தக் கேள்வியில்தான். அதற்கு முந்தின நிமிஷம் வரைக்கும் அப்படியொரு நினைப்பே என்னிடம் கிடையாது.

மத்தியான வேளை. அவளுடைய அப்பா டீ குடிக்கத் தெருமுனைக்குப் போயிருந்தார். நான் தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்து வாரப் பத்திரிகைத் தொடர்கதையைச் சத்தமாகப் படித்தேன். அவள் ராட்டையில் ஊடு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டே கேட்டாள். கதாநாயகியும் அவள் சிநேகிதியும் விடுதியில் ஒரே அறையில் மூன்று வருஷம் இருந்தவர்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருத்தி கஞ்சி வைத்துக் கொடுத்தவர்கள். நாலாவது வாரத்தில் ஒரு இன்ஜினீயர் வந்தார். ஐந்தாவது வாரத்திலிருந்து சிநேகிதியைக் காணோம்.

“கல்யாணம் ஆயி டெல்லிக்குப் போய்ட்டாளாம். ஒரு வரிதான் போட்டிருக்குது” என்றேன்.

அவள் ராட்டையை நிறுத்தவில்லை. “மூணு வருஷம் கூட இருந்தவ. இவ ஒருவாட்டி கூட அவள நெனைக்கலியே. எழுதறவரு மறந்துட்டாரா, இல்ல அப்டித்தான் மறந்துடணும்னு எழுதறாரா?”

வீட்டுக்கு நடந்த நூறடியில் என் நாவல் முக்கால்வாசி தயாராகிவிட்டது. சிநேகிதி போகாத கதை. இன்ஜினீயர் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வந்து காபி குடித்துவிட்டுப் போகட்டும். அந்த இரண்டு பெண்களும் கடைசி அத்தியாயம் வரைக்கும் ஒரே வீட்டில் இருப்பார்கள், இருக்க ஆசைப்பட்டு இருப்பார்கள். மனுஷன் சந்திரனில் நடந்துவிட்டு வந்தாகிவிட்டது. இதை ஒருத்தரும் எழுதவில்லை என்பது எனக்கு அன்றைக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏன் எழுதவில்லை என்று யோசிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. பயம் அப்புறம்தான் வந்தது. வந்த பயம் இன்னும் போகவில்லை.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவிலேயே, ஆறு வீடு தள்ளி இருக்கிறாள். ஒன்பதாவது வரைக்கும் என்னோடு ஒரே பெஞ்சு. அதற்குமேல் நான் படித்தேன், அவள் தறிக்கு வந்துவிட்டாள். புடவையின் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் ஒருத்தர் நெய்தால் போதாது. அவள் அப்பா நடுவில் உட்கார்ந்து, ஊடு நூலைக் குறுக்கே இழுத்துப் போகிற நாடாவை உடம்புக்கு வீசுவார். அவள் வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு வீசுவாள். ஒவ்வொரு இழையிலும் இரண்டு நிறமும் ஒன்றையொன்று கொக்கி மாதிரிப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாளெல்லாம் இதுதான். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அப்பாவை நாயனா என்பாள். இழை எண்ணும்போது அவளுக்குத் தமிழ் வராது, ஒகட்டி, ரெண்டு, மூடு என்றுதான் உதடு அசையும்.

ஒரு நாள், நீயும் ஒருவாட்டி வீசிப் பாருடி என்று நாடாவை என் கையில் கொடுத்து, என் கைமேல் அவள் கையை வைத்தாள். அவள் ஆள்காட்டி விரலில், நாடா உரசி உரசி விழுந்த ஒரு பள்ளம். அது என் விரலில் பட்டது. நான் வீசிய நாடா எங்கேயோ போய்ச் சிக்கிக்கொண்டது. அவள் சிரித்து, இழையைப் பிரித்து, மறுபடி எண்ணினாள். எண்ணி முடிக்கும் வரைக்கும் கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் இன்று வரைக்கும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இனி என் அப்பா. அவர் புடவைக்கு டிசைன் போடுகிறவர். கிராஃப் தாளில் மாங்காயோ மயிலோ வரைந்து கட்டம் கட்டமாக நீல மையால் நிரப்புவார். மை வைத்த கட்டம் ஒவ்வொன்றுக்கும், தறியின் தலைமேல் மாட்டுகிற அட்டையில் ஒரு ஓட்டை விழும். ஓட்டை விழுந்த இடத்தில் புடவையில் ஜரிகை எழும்பும். அட்டை குத்துகிறவர் பஸ்ஸில் போகிற தூரத்தில், செவிலிமேட்டில் இருக்கிறார். எங்கள் வீட்டில் தாளில்தான் சாப்பிடுகிறோம், தாளில்தான் தூங்குகிறோம். முதலாளிக்குப் பிடிக்காமல் திரும்பி வந்த டிசைன்கள் அலமாரியின் அடித்தட்டில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். ஒருத்தரும் தொட மாட்டார்கள்.

நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் அம்மா இன்னாடி எழுதுற என்று கேட்பாள். கழித்த டிசைனின் பின்பக்கத்தில் எழுதினால்? எனக்கு என் புத்திசாலித்தனம் தாங்கவில்லை. டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து வந்ததும் அலமாரிப் பக்கம் உட்கார்ந்துகொள்வேன். அப்பாவின் மைப்புட்டியிலேயே என் பேனாவுக்கு மை நிரப்பிக்கொள்வேன். கதையில் ஒருத்தி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்கிறாள், இன்னொருத்தி பள்ளிக்கூட டீச்சர். மெட்ராஸில் மாடி அறை ஒன்றுக்கு வாடகைக்கு வருகிறார்கள். ஐந்து அத்தியாயம் எழுதி ஐந்தையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன், நாயனா வெளியே போகும் நேரமாகப் பார்த்து. அவள் பெரிதாக ஒன்றும் சொல்ல மாட்டாள். எக்ஸ்சேஞ்சுப் பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி என்பாள். டீச்சர் சமைக்கிற குழம்பு வெளங்காது என்பாள். ஆனால் நான் எழுந்திருக்கும்போது, “நாளைக்கு வருவியா?” என்று கேட்பாள். முன்னெல்லாம் அப்படிக் கேட்டதில்லை.

ஆறாவது அத்தியாயத்தை மட்டும் அவளுக்குப் படிக்கவில்லை. அதில் எக்ஸ்சேஞ்சுப் பெண்ணுக்கு விரலில் ஒரு பள்ளம் வந்துவிட்டது. நெசவு வீட்டில் பிறந்தவள் என்று ஒரு காரணமும் சொல்லிவைத்தேன். அவள் தெலுங்கில் எண்ணுகிறாள் என்றும் எழுதினேன். அதோடு விட்டேனா? டீச்சர் அந்தப் பள்ளத்தின்மேல் உதட்டை வைத்தாள் என்று எழுதினேன். எழுதிவிட்டு, பேனா மூடியைப் போட மறந்து, தாளைக் கட்டின் நடுவில் செருகிவைத்தேன்.

விரல் பள்ளம், தெலுங்கில் எண்ணுவது, அந்த இரண்டு வரிகளைப் படித்தால் எங்கள் தெருவில் யாருக்குத்தான் தெரியாது? வலப்பக்கம் உட்கார்ந்து நாடா வீசும் பெண், தெலுங்கில் எண்ணுகிறவள், படிக்கிற சிநேகிதி உள்ளவள். நான் பேரே போடவில்லை. பேர் தேவையே இல்லை.

என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். நான் பத்தாவது படித்தபோது, ஒரு பெண் இன்னொருத்திக்கு எழுதிய கடிதத்தை டீச்சர் பிடித்தார். காலை வணக்கக் கூட்டத்தில் படித்துக் காட்டினார். நீ வராத நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான் அதில் இருந்தது. பள்ளிக்கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். எழுதியவளை அந்த வாரமே வாலாஜாபாத்தில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மற்றவளுக்குத் தை மாதம் கல்யாணம். என் சிநேகிதியையும் தாமல் கிராமத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நாயனா இன்னும் பதில் சொல்லவில்லை. இந்தத் தாள் வெளியே போனால் மறுநாளே சரி என்று சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு நான் அந்த வாசப்படி ஏற முடியாது.

இவ்வளவு தெரிந்தும் அந்தத் தாளைக் கிழித்துப் போடவில்லை. நாவலிலேயே அதுதான் நன்றாக வந்திருந்தது. வேறென்ன சொல்ல.

போன மாதம் ஒரு சாயங்காலம் வகுப்பு விட்டு வந்து அலமாரியைத் திறந்தால் கட்டு இளைத்திருந்தது. முதலாளிக்குத் திடீரென்று இரண்டு வருஷத்துக்கு முன் வேண்டாம் என்று சொன்ன மாங்காய் ஞாபகம் வந்துவிட்டதாம். அந்தப் பழைய மாங்காயே போதும், முந்தானைக்கு அதையே போடு என்று ஆள் அனுப்பினாராம். அப்பா கட்டைப் பிரித்து அந்த மாங்காய் டிசைனின் நாலு தாளையும் எடுத்துச் செவிலிமேட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்த நாலில் ஒன்றின் முதுகில் என் ஆறாவது அத்தியாயம் இருந்தது. மற்ற அத்தியாயங்கள் மயிலின் பின்னாலும் அன்னத்தின் பின்னாலும் பத்திரமாகக் கிடந்தன. கழித்துப் போட்ட டிசைனை யாராவது திரும்பக் கேட்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? டிசைன் போடுகிறவர் மகளாகப் பிறந்து, இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மறுநாள் வகுப்புக்குப் போகாமல் செவிலிமேட்டு பஸ்ஸில் ஏறினேன். அட்டை குத்துகிறவர் வயசானவர், கண்ணாடி போட்டவர். மாங்காய்த் தாளைப் பலகையில் நாலு ஆணி வைத்து அடித்திருந்தார். முன்பக்கம்தான் தெரிந்தது. ஒரு அடிஸ்கேலை வரிசையின் கீழே வைத்து, கட்டம் கட்டமாகப் பார்த்து, ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். அப்பா ஒரு தாளில் சின்னத் திருத்தம் செய்யணும் என்றார், வாங்கிக்கினு போகலாம்னு வந்தேன் என்றேன்.

“ஆணி புடுங்கினா வரிசை தப்பிடும்மா. பாதி குத்தியாச்சி. முடிச்சிட்டுத் தரேன்.” அப்புறம், தலையை நிமிர்த்தாமலே, “பின்னாடி இன்னாவோ எழுதியிருக்குது” என்றார்.

என்ன எழுதியிருக்குது மாமா என்று கேட்டேன்.

“எனக்கு எழுத்து எங்கம்மா தெரியும்? கட்டந்தான் தெரியும்” என்றார்.

அந்த வார்த்தைக்கு நான் அவர் காலில் விழுந்திருப்பேன். திரும்பும்போது பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை, ஓட்டமும் நடையுமாக வந்தேன். எழுத்து தெரியாதவர் கையில் இருக்கிறது, குத்தி முடித்ததும் நான்தான் போய் வாங்கப் போகிறேன், தீர்ந்தது என்று நினைத்தேன். கட்டம் தெரிகிறவரிடம்தான் நான் பயப்பட்டிருக்க வேண்டும்.

நான் வாங்கப் போவதற்குள் அட்டைகள் அவள் வீட்டுத் தறிக்கே வந்துவிட்டன. முந்தானை ஏறி ஒரு சாண் நெய்திருப்பார்கள். அவள் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

“உங்கப்பா மாங்காயில எறும்பு ஊருதுடி” என்றாள். “வந்து பாரு, இனிப்பு மாங்கா போல.”

போய்ப் பார்த்தேன். மாங்காயின் வயிற்றில், ஜரிகையே இருக்கக் கூடாத இடத்தில், பொடிப்பொடியாய்த் தங்கப் புள்ளிகள். ஒரு மாங்காயில் இல்லை. முந்தானை அகலத்துக்கு வரிசையாக நின்ற எல்லா மாங்காயிலும் அதே இடத்தில் அதே புள்ளிகள். சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் புரிந்துவிட்டது.

என் பேனா கொஞ்சம் ஊறும். எழுதும்போது பேனா ஓடிக்கொண்டே இருந்தால் ஒன்றும் ஆகாது. யோசித்துக்கொண்டு ஒரே இடத்தில் முள்ளை ஊன்றி நின்றால், மை தாளைத் தாண்டி அந்தப் பக்கம் ஒரு பொட்டாக இறங்கிவிடும். அப்பா நிரப்பிய அதே நீலம், அதே மைப்புட்டி. அட்டை குத்துகிறவர் அதையும் கட்டம் என்று எடுத்துக்கொண்டு குத்தியிருக்கிறார். ஆறாவது அத்தியாயத்தில் நான் எங்கெல்லாம் எழுதலாமா வேண்டாமா என்று தயங்கினேனோ, அங்கெல்லாம் ஜரிகை ஏறியிருந்தது. கீழே, மாங்காயின் மூக்குப் பக்கம், நாலைந்து புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. விரல் வந்த இடம் அதுதான்.

“இன்னாடி, மூஞ்சி இப்டி ஆயிப்போச்சி?” என்றாள் அவள். நான் சொல்லியிருக்கலாம். நாயனா அதற்குள் தறியை நிறுத்திவிட்டு அப்பாவுக்கும் செவிலிமேட்டுக்கும் ஆள் அனுப்பியிருந்தார்.

அன்று மத்தியானம் மூன்று பேரும் அந்தத் தறிமேல் குனிந்து நின்றார்கள். மாங்காய்க்கு அம்மை போட்டிருக்குதுபா, இதை முதலாளியாண்ட எப்டிக் காட்டுறது என்றார் நாயனா. அட்டை குத்துகிறவருக்குக் கோபம். நாப்பது வருஷமாக் குத்துறேன், தாள்ல இல்லாத ஓட்டை என் கையில விழாது என்று, தாளைத் துண்டிலிருந்து எடுத்து அப்பாவிடம் நீட்டினார். நான் உள்கதவை ஒட்டி நின்றேன். அவள் தன் இடத்தில், வலப்பக்கம், நாடாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் யாராவது எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்துவிடுவார்கள் என்று தோன்றியது.

அப்பா பூதக்கண்ணாடியை வைத்துப் புள்ளியைப் பார்த்தார். தாளை வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். நான் நின்ற இடத்திலிருந்தே, மாங்காயின் ஊடாக என் கையெழுத்து இடவலம் மாறி நிழலாகத் தெரிந்தது. தாளைத் திருப்பினார்.

அவர் கண் வரி வரியாக இறங்கியது. கட்டம் எண்ணுகிறவர், ஒன்றையும் தாண்டிப் படிக்க மாட்டார். பாதிக்குக் கீழே கண் ஒரு இடத்தில் நின்றது. அப்புறம் தறியின் வலப்பக்கம் திரும்பி, அவள் கையைப் பார்த்தார். ஒரு தரம்தான் பார்த்தார்.

இன்னா எழுதிக்குது என்று நாயனா கேட்டார்.

“வூட்டுக் கணக்கு. பொண்ணு கிறுக்கியிருக்குது” என்றார் அப்பா. தாளை நாலாக மடித்தார். “தப்பு என்னுதுதான்பா. மை ஊறியிருக்குது, நான் பாக்காத குடுத்துட்டேன். அந்த அட்டைங்கள மாத்திடலாம்.”

என் அப்பா தன் டிசைனில் தப்பு என்று யாரிடமும் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்தும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. திட்டியிருந்தால், ஒரு அறை கொடுத்திருந்தால், என் நிலைமை எனக்குப் புரிந்திருக்கும். அவர் அம்மாவைக் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் காதைத் தீட்டிக்கொண்டேன். இப்போது சொல்லப் போகிறார், இவளுக்கு ஒரு இடம் பார் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குளிக்கத் தண்ணீர் கேட்டார், உப்புக் குறைகிறது என்றார். யாராவது வாசலில் செருப்பைக் கழற்றினால் நாயனாதான் என்று நினைத்தேன். இரண்டு நாளும் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. தெரு வழியாகப் போகிற பாசாங்கில் அவள் ஒருதரம் எங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போனாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

மூன்றாம் நாள் காலையில் என் டைப்ரைட்டிங் புத்தகத்துக்குள் அந்தத் தாள் இருந்தது. மடிப்பைப் பிரித்தேன்.

அப்பாவிடம் ஒரு அரை பிளேடு உண்டு. கட்டம் தப்பாக நிரம்பிவிட்டால் அந்த பிளேடால் மையை மட்டும் சுரண்டி எடுப்பார். தாள் கிழியாது, அந்த இடம் கொஞ்சம் பஞ்சு மாதிரி ஆகிவிடும். ஆறாவது அத்தியாயத்தில் இரண்டு வரிகளை அப்படிச் சுரண்டியிருந்தார். நெசவு வீட்டு விரல் பள்ளம் ஒன்று, தெலுங்கில் எண்ணுவது ஒன்று, கூடவே பின்னால் வந்த ‘பள்ளத்தின்மேல்’ என்ற சொல். சுத்தமாக, ஓரம் பிசிறில்லாமல். மற்ற எதையும் தொடவில்லை. டீச்சர் உதட்டை வைத்தது அப்படியே இருந்தது. எதன்மேல் வைத்தாள் என்பதுதான் இல்லை.

அதை நான் எத்தனை தடவை பார்த்தேனோ. முழுக்கப் படித்திருக்கிறார். எது அவளைக் காட்டிக்கொடுக்குமோ அதை மட்டும் எடுத்திருக்கிறார். மிச்சத்தை எழுதிக்கொள் என்கிறாரா, இல்லை, உன் கதை கதையாகவே இருக்கட்டும், அவளை அதற்குள் இழுக்காதே என்கிறாரா? கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அவர் கட்டம் நிரப்பிக்கொண்டே, என் பக்கம் பார்க்காமல் சொன்னது இவ்வளவுதான்: “இந்தத் தாள்ல எழுதாத, ஊறும். வேற வாங்கிக்கோ.” கொஞ்சம் பொறுத்து, “அவங்க வூட்ல போய்க் கொஞ்ச நாளைக்கு உக்காராத” என்றார்.

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள்? தாமல்காரர்கள் பதில் கேட்டு மறுபடி வரும் வரைக்குமா?

அப்பா அப்படிச் சொல்லி இன்றோடு ஒன்பது நாள். நல்ல கெட்டித் தாளாக வாங்கிவிட்டேன். ஆறாவது அத்தியாயத்தைத் திருத்தி எழுத உட்கார்ந்தேன். எக்ஸ்சேஞ்சுப் பெண்ணுக்கு விரல் பள்ளத்துக்குப் பதிலாக வேறு எதையாவது கொடுத்துவிடலாம் என்று பார்த்தேன். மச்சம், தழும்பு, கோணல் பல் என்று எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தியாகத்தான் வந்தது. சுரண்டிய இடத்தைத் தடவிப் பார்த்தால் அந்த இரண்டு வரியும் எனக்கு மனப்பாடமாகத் தெரிகிறது.

இன்றைக்குச் சாயங்காலம் செவிலிமேட்டிலிருந்து மாற்று அட்டைகள் வந்தன. மொத்தம் பதினாலு. அப்பா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை எண்ணிப் பார்த்து, நூலால் கட்டி, கூடத்து மாடத்தில் வைத்திருக்கிறார். நாளைக்குக் காலையில் யாராவது கொண்டு போய்க் குடுக்கணும் என்றார். யார் என்று சொல்லவில்லை. என்னைத் தவிர வீட்டில் யாரும் அந்த நேரத்தில் சும்மா இருப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

நான் கொண்டு போகப் போகிறேன். உட்காரக் கூடாது என்றுதான் சொன்னார், நின்றுகொண்டே கொடுக்கிறேன். அட்டைகளை ஏற்றுவதற்கு நாயனா தறிமேல் ஏறுவார். ஏறி இறங்கக் கொஞ்ச நேரம் ஆகும். அவர் முதுகுதான் எங்கள் பக்கம் இருக்கும். அந்த நேரத்துக்குள் அவளுக்கு அந்த இரண்டு வரிகளைச் சொல்லிப் பார்க்கப் போகிறேன். தாள் வேண்டாம். எக்ஸ்சேஞ்சுப் பெண் யார் என்று அவள் கேட்டால் அதற்கும் பதில் சொல்வேன். கேட்காமலே அவளுக்குத் தெரிந்திருந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் நான் இன்னும் யோசிக்கவில்லை.